கதவைத் திறந்தாளா

எங்கள் குடியேற்றத்துப் பெண்களுக்கு ஒரு பழைய படத்தின் முடிவு மனப்பாடம். படத்தைக் கண்ணால் பார்த்தவர் மாமி ஒருவர்தான் என்று நாங்கள் நம்பியிருந்தோம். படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது தேடிப் பார்த்துவிட்டு மாமியோடு வழக்குக்கு வருவார்கள். அந்த வழக்கு ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது.

மாமி என் வாப்பாவின் மூத்த சகோதரி. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு மூன்று வயது. மாமி, உம்மா, நான் என்று மூன்று பேராகத்தான் புத்தளத்து அகதி முகாமில் அதிக காலம் இருந்தோம், பிறகு கரைத்தீவில் காணி கிடைத்து வீடு கட்டியபோதும் மூன்று பேர்தான். வாப்பா ஏன் அந்தக் கணக்கில் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதற்கும் படத்துக்கும் தொடர்பு உண்டு.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்தவள். பாலாவிச் சந்தியில் ஒரு கடையில் வேலை பழகிவிட்டு, வீட்டு முன்னறையிலேயே திருத்தும் வேலையைத் தொடங்கினேன். பெண்கள் என்னிடம் கொண்டுவருபவை: சத்தம் மட்டும் வரும் டீவி, படம் மட்டும் வரும் டீவி, எறும்பு குடியேறிய ரேடியோ, வயர் அறுந்த மின்னழுத்தி, தண்ணீரில் விழுந்த தொலைபேசி. தொலைபேசிதான் அதிகம். ஆண்கள் இருக்கும் கடையில் கொடுத்தால் உள்ளே இருக்கும் கலியாண வீட்டுப் படங்களைப் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தால் எனக்கு நல்ல வேலை ஓடியது. பெண்கள் என்னை டீவி டொக்டர் என்று கூப்பிடுவார்கள்.

உம்மாவும் மாமியும் காலையில் கூனி வாடிக்குப் போவார்கள். கூனி என்பது நகக்கண் அளவு இறால், வாடி அதைக் காயவைக்கும் கொட்டகை. காயவைத்த கூனியைச் சுளகில் பரப்பி, உள்ளே கிடக்கும் பாசி, சிப்பித்துண்டு, குட்டி மீன் எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கவேண்டும். கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். அதனால் மாமி படம் சொல்வார். சின்ன வயதில் பள்ளி விடுமுறைகளிலும், பெரியவளான பிறகு வேலை இல்லாத நாட்களிலும் நானும் போய் உட்காருவேன். மாமிக்கு அறுபதுகளில் வந்த படங்கள் பத்துப் பன்னிரண்டு தெரியும். ஆனால் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்.

"நீலச் சேல உடுத்திருப்பா," என்று மாமி தொடங்குவார். "கரை இந்தளவு அகலம். ஜாக்கெட்டுக்குக் கை பந்து மாதிரி ஊதி நிக்கும். கொண்டை உச்சியில." சுளகை மடியில் வைத்துவிட்டுத் தலைக்கு மேல் ஒரு சாண் காட்டுவார்.

"அதுக்குள்ள என்னத்த மாமி வச்சவ? பொச்சுமட்டையா?"

"சவரிடி. மட்டை உன்ட மண்டைக்குள்ள."

கதை பெரிய கதை இல்லை. ஒரு பெண் தன் அண்ணனோடு கதைத்துக்கொண்டு நிற்பதைக் கணவன் தூரத்தில் கண்டுவிடுகிறான். அவன் யாரென்று கேட்காமலே சந்தேகப்பட்டு வீட்டைவிட்டுப் போகிறான்.

"ஒருக்கா கேட்டிருந்தா படம் அரை மணித்தியாலத்துல முடிஞ்சிருக்குமே," என்று யாராவது சொல்வார்கள்.

"கேக்கிற ஆம்புளய வச்சு ஆருடி படம் எடுக்கிற?" என்பார் மாமி.

அவள் தையல் மிசின் மிதித்து மகனை வளர்க்கிறாள். வருடங்கள் போகின்றன. ஒருநாள் மழையில் கணவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். இந்த இடத்தில் மாமி நிறுத்துவார். சுளகை ஒருமுறை புடைப்பார். சுற்றியிருக்கிற எல்லோருக்கும் அடுத்தது என்னவென்று தெரியும். தெரிந்தும் கைகள் நின்றுவிடும்.

"தட்டுறான். திரும்பவும் தட்டுறான். உள்ளுக்கு மிசின் நிக்குது. அவ எழும்பல்ல. இருந்த இடத்துல இருந்தே சொல்லுறா." இப்போது மாமியின் குரல் மாறும். ஊர்ப் பேச்சு போய்ப் படப் பேச்சு வரும். "'நீங்கள் தேடி வந்தவள் வீடு மாறிப் போய்விட்டாள்.' அவ்வளவுதான். பிறகு மிசின் சத்தம் கேக்கும். டக் டக் டக் டக். படம் முடிஞ்சிது."

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் வாடி முதலாளியின் மூத்த சகோதரி வாடிப் பக்கம் வரத் தொடங்கினார். கலியாணம் முடித்துக் கொழும்பில் இருந்தவர், விதவையானதும் ஊருக்கு வந்திருந்தார். மாமியைவிட ஒன்றிரண்டு வயது கூட. எல்லோரும் ராத்தா, அதாவது அக்கா, என்று அழைத்தோம். அவர்கள் பரம்பரையாகப் புத்தளத்தில் இருக்கிறவர்கள். தென்னங்காணி, வாடி, பழைய கல்வீடு எல்லாம் உண்டு. கதிரை போட்டு உட்கார்ந்து எங்கள் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். நல்ல மனுசி, ஆனால் பிழை கண்டால் சொல்லாமல் இருக்கமாட்டார்.

ஒருநாள் மாமி அந்தப் படத்தை முதல் தடவையாக ராத்தாவின் முன்னால் சொன்னார். டக் டக் முடிந்ததும் ராத்தா சிரித்தார்.

"இது எங்கத்தப் படம் புள்ள? அதுல அவ கதவத் தொறந்த. ரெண்டு பேரும் சேந்துதான் படம் முடிஞ்சி. நான் புத்தளத்துத் தியேட்டர்ல பாத்தது. எங்கட வாப்பா வண்டில் கட்டிக் கூட்டிட்டுப் போன. பொம்புளைகளுக்கு வேற இடம் ஈக்கி, முன்னால துணி போட்டு மறைச்சி."

யாரும் கூனியைத் தொடவில்லை. மாமி மட்டும் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "நீங்க எந்தப் படத்தப் பாத்தீங்களோ, ராத்தா."

எல்லோரும் உம்மாவைப் பார்த்தார்கள். ராத்தாவுக்கு அது ஏனென்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மாமி அதே பதிலை அதே குரலில் சொல்லி நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அது முகாமில். எனக்கு எட்டு வயது இருக்கும். வந்த இரண்டாம் வருடமே வாப்பா வேலை தேடிக் கொழும்புக்குப் போனார். ஒரு புடவைக் கடையில் சேர்ந்தார். முதலில் கடிதம் வந்தது, பிறகு கடிதம் குறைந்தது, பிறகு அங்கே இன்னொரு நிக்காஹ் செய்துவிட்டார் என்ற செய்தி வந்தது. உம்மா அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாடிக்குப் போகத் தொடங்கினார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மாற்றம். சில வருடங்களின் பின் ஒரு பின்னேரம், அந்த இன்னொரு வீடு சரிவராமல் போய், வாப்பா ஒரு பையும் ஒரு பிஸ்கட் டின்னும் கொண்டு வந்து நின்றார்.

எங்கள் கொட்டிலுக்குக் கதவு கிடையாது. சாக்குத்தான் தொங்கியது. சாக்கின் கீழால் அவருடைய சப்பாத்துத் தெரிந்தது. தட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் வாப்பா செருமினார். இரண்டாம் தடவையும் செருமினார். உம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவர் எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, நான் அதுவரை அவர் வாயில் கேட்டிராத தமிழில் சொன்னார்: "நீங்கள் தேடி வந்தவள் வீடு மாறிப் போய்விட்டாள்."

 பிறகு வாப்பா சத்தம் போட்டார். "என்ன, எனக்குப் படம் காட்டுறியா? அந்தப் படத்துல அவ கதவத் தொறந்தவ! நான் ரெண்டு தரம் பாத்தனான். தொறந்து கால்ல விழுந்து அழுதவ!"

பக்கத்துக் கொட்டில்களில் பெண்கள் சிரித்தார்கள். அடுத்த கொட்டிலில் மாமி இருந்தார். நடுவே தென்னோலைக் கிடுகு மட்டும்தான். கிடுகுக்குப் பின்னால் இருந்து மாமியின் குரல் வந்தது.

"நீ எந்தப் படத்தப் பாத்தியோ. இதுல அவ தொறக்கல்ல. போ தம்பி. போய்ப் பள்ளிவாசல்ல இரு, சோறு அனுப்புறன்."

வாப்பா பள்ளிவாசலில் தங்கி, மறுநாள் காலை பஸ்ஸில் போனார். பிஸ்கட் டின்னை வைத்துவிட்டுப் போயிருந்தார், நான்தான் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு வாப்பாவின் சொந்தக்காரரோ உம்மாவின் சொந்தக்காரரோ வந்து சேர்ந்து வாழச் சொன்னால் உம்மா வாதாடமாட்டார். "அந்தப் படத்துலயும் அவ தொறக்கல்லதானே" என்பார். கேட்டவர்களுக்கு அதற்கு மேல் கதை இருக்காது. நாளடைவில் அது முகாமில் ஒரு பழமொழி ஆகிவிட்டது. கடன்காரன் வந்தாலும், தரகர் வந்தாலும், "வீடு மாறிப் போய்விட்டாள்" என்பார்கள்.

இப்போது ராத்தா அந்தப் பழமொழியின் அடியில் கைவைத்துவிட்டார், தெரியாமல்தான்.

"ஏன் வீண் வாக்குவாதம்? டீவி டொக்டர் ஈக்கிதானே," என்றார் ராத்தா. "இப்பத்தான் எல்லாப் படமும் எடுக்கலாமாம். எடுத்துப் போடுங்க மகள், எல்லாரும் பாப்பம்."

"ஓம், ஓம்" என்று பெண்கள் துள்ளினார்கள். மாமி சுளகைப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா, "போடு, பாப்பம்," என்றார். எனக்கு அது ஒரு வேலை மட்டும்தான். சரி என்றேன்.

பழைய படங்களை இணையத்தில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் தெரிந்திருந்ததால் தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை, இறக்குவதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்தில் அப்போது இணைப்பு மழைக்கும் வெயிலுக்கும் அறுந்தது. மூன்று துண்டாக இறக்கி ஒன்றாகச் சேர்த்தேன். யாருக்கும் காட்டுமுன் முழுவதும் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். சத்தம் படத்தோடு பொருந்துகிறதா, நடுவில் எங்காவது நிற்கிறதா, கடைசி வரை இருக்கிறதா. இவற்றைத்தான் பார்க்க உட்கார்ந்தேன்.

சத்தம் பொருந்தியது. எங்கும் நிற்கவில்லை. கொண்டை மாமி காட்டிய அளவு உயரம் இருந்தது. பந்துக் கை இருந்தது. அண்ணன், சந்தேகம், தையல் மிசின், மகன், மழை எல்லாம் மாமி சொன்ன வரிசையிலேயே வந்தன. ஆனால் சேலை நீலம் இல்லை. நீலமாக இருக்க வழியில்லை. படம் கறுப்பு வெள்ளை.

இவ்வளவு நாளும் அதைப் பற்றி நான் யோசிக்காதது எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு கதவு தட்டப்பட்டது. அவள் மிசினை நிறுத்தினாள், எழும்பினாள், கதவைத் திறந்தாள், காலில் விழுந்தாள், அழுதாள். மகன் பின்னால் நின்று சிரித்தான். ஒரு பாட்டு வந்தது. வாப்பா சொன்னது ஒரு சொல் பிசகாமல் சரி. வாப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்த பொய்கள் பல. அவர் சத்தம் போட்டுச் சொன்ன இந்த ஒன்று உண்மையாக இருந்தது, அதைத்தான் யாரும் நம்பவில்லை.

மாமி குசினிக்குப் பின்னால் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். உம்மா கடைக்குப் போயிருந்தார்.

"மாமி, படம் கறுப்பு வெள்ளை."

"அந்தக் காலத்துப் படம் அப்படித்தானே."

"அப்ப நீலச் சேல?"

கத்தி நின்றது. மாமி என்னைப் பார்க்காமல் மீனைப் பார்த்தார். "அட்டையில நீல மையிதானே," என்றார்.

மாமி பார்த்தது படத்தையல்ல, படத்தின் பாட்டுப் புத்தகத்தை. தியேட்டர் வாசலில் விற்பார்களாம். மெல்லிய தாள், நடுவில் ஒரு கம்பி. அட்டையில் ஒரே மையில் அச்சடித்த படம், ஒரு புத்தகத்துக்கு நீலம், ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை. உள்ளே நடித்தவர்கள் பெயர், கதைச் சுருக்கம், பாட்டுகள். பின் அட்டையில் பற்பொடி விளம்பரம். மாமிக்கு அப்போது பதினேழு, கலியாணமாகாத குமர் என்று வீட்டில் இருத்தியிருந்தார்கள். வாப்பாவுக்குப் பதின்மூன்று. அவர் பெரியவர்களோடு மன்னார் டவுனுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வருவார், வரும்போது மாமிக்கு என்று புத்தகம் கொண்டுவருவார். மாமி அதை அலுமாரியில் உடுப்புக்கு அடியில் வைத்திருந்து, பின்னேரத்தில் வேலிக்கு அங்கால் நிற்கும் குமர்ப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார். கையில் தைக்கத் தெரிந்த ஒருத்தி அட்டைப் படத்தைப் பார்த்துப் பந்துக் கை வெட்டினாள். இன்னொருத்தியின் உம்மா புத்தகத்தைக் கண்டுபிடித்து அடுப்பில் வைத்தாள். அதற்குள் பாட்டெல்லாம் பாடமாகிவிட்டது.

கதைச் சுருக்கம் ஒருநாளும் முழுதாக இருக்காதாம். நல்ல இடம் வந்ததும் நின்றுவிடும். அந்தப் புத்தகத்தில் கடைசி வரிகளை மாமி எனக்குப் பார்க்காமலே சொன்னார்: "'மழையில் நனைந்த கணவன் கதவைத் தட்டினான். கதவைத் திறந்தாளா? மீதியை வெள்ளித்திரையில் காண்க.'"

"வாப்பா பாத்தவர்தானே. கேக்கலையா?"

"கேக்காமலா? கெஞ்சினன். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' எண்டு புத்தகத்த வாசிச்சுக் காட்டிப்போட்டு ஓடிட்டான், கள்ளன். அங்க வேலிக்கு அங்கால குமருகள் நிக்குதுகள், என்ன நடந்த, என்ன நடந்த எண்டு. நான் என்ன செய்யிற? முடிச்சு விட்டன்."

"ஏன் தொறக்காம விட்டீங்க?"

மாமி செட்டையை ஒரே வெட்டில் வெட்டி எறிந்தார். பூனை ஓடி வந்தது. "அண்டைக்கு நான் தம்பியோட கோவம். ஆம்புள எண்டா கொஞ்ச நேரம் வெளிய நிக்கட்டும் எண்டு விட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமிக்கு வரவில்லை.

"சிரிக்காத. அவன் பொய் சொல்லல்ல எண்டு அண்டைக்குக் கொட்டிலுக்குள்ள இருக்கவே எனக்குத் தெரியும். முடிவு எனக்குத் தெரியாது, ஆனா அவன்ட குரல் தெரியும். தெரிஞ்சுதான் 'இதுல அவ தொறக்கல்ல' எண்டனான். என்ட வாயால போன சொல்லுக்காக உன்ட உம்மா அவன உள்ளுக்கு எடுக்காம விட்டவளோ? இல்லாட்டி அவள்ட மனசே அதுதானோ? இந்த இருவது வருசமா எனக்குத் தெரியாது, மகள். அவள்ட்டக் கேக்கவும் ஏலாது."

மாமி பயந்தது வாடிப் பெண்களுக்கு அல்ல. உம்மாவுக்கு. அது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எனக்கு யோசனை என்றால் வழிகளைப் பிரித்து வைப்பதுதான். படம் கிடைக்கவில்லை என்று சொல்லலாம், ஆனால் கிடைத்துவிட்டது என்று காலையிலேயே வாடிப் பெண்களிடம் சொல்லிவிட்டேன். பழுதான பிரதி என்று சொல்லலாம். கதவு தட்டுகிற இடத்தோடு வெட்டி, அதற்கு மேல் இல்லை என்று சொல்லலாம். முழுவதும் போடலாம். மாமியிடம் இப்படியே சொன்னேன்.

"வெட்டினா தெரியாதா?"

"எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப வெட்டு," என்றார் மாமி.

வெட்டினேன். தட்டுகிற கை, மழை, மிசின் நிற்பது, அதோடு சரி. முழுப் படத்தையும் அழிக்காமல் அதே பென்டிரைவில் வைத்துக்கொண்டேன். மூலப் பிரதியை அழிக்கக் கூடாது என்பது நாங்கள் படித்த முதல் பாடங்களில் ஒன்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு பெண்கள் எங்கள் முன்னறைக்கு வந்தார்கள். திருத்த வந்த டீவிகளில் பெரியதைச் சுவரோடு வைத்திருந்தேன். அதன் சொந்தக்காரியும் வந்திருந்ததால் அனுமதி கேட்கவேண்டி இருக்கவில்லை. ராத்தாவுக்குக் கதிரை, மற்றவர்களுக்குப் பாய். உம்மா வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மாமி குசினி நிலையில் நின்றார்.

முதல் காட்சியிலேயே வழக்குத் தொடங்கியது.

"நீலம் எங்க மாமி?"

"சாயம் போயிட்டுது," என்றாள் இன்னொருத்தி. "அம்பது வருசமாத் தோய்ச்சதெல்லோ."

கணவன் சந்தேகப்பட்டபோது ஏசினார்கள். பாட்டு வந்தபோது, படத்தை ஒருநாளும் பார்க்காத பெண்கள் சொல்லுக்குச் சொல் கூடவே பாடினார்கள். எல்லாம் மாமியிடம் கேட்டது. ராத்தாவும் பாடினார். மகன் வளர்ந்து கொண்டிருக்கும்போது அஸர் பாங்கு கேட்டது, நிறுத்தினேன். அதுதான் எங்கள் இடைவேளை. தொழுதுவிட்டு வந்த மாமி என் காதோரம் குனிந்தார்.

"முழுசாப் போடு."

"மாமி, வெட்டினதத்தான் இப்ப..."

"போடு எண்டன். தெரியட்டும். எனக்கும் தெரியட்டும்."

பென்டிரைவில் மற்றப் பிரதியைத் திறந்து, நிறுத்திய இடத்தைத் தேடிப் பிடித்தேன். யாரும் கவனிக்கவில்லை. உம்மா தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்.

மழைக் காட்சி வந்தது. கணவன் தெருமுனையில் திரும்பினான். அப்போது ராத்தா முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கதிரையைவிட்டு எழும்பினார்.

"ராத்தா, எங்க போறீங்க? இனித்தானே முடிவு!"

ராத்தா நின்ற இடத்தில் நின்றார். தான் ஏன் எழும்பினோம் என்று அவருக்கே தெரியவில்லை போல இருந்தது. பிறகு சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பழக்கதோசம். இந்த இடத்துல எங்கள எழுப்பிடுவாங்க. படம் முடிஞ்சா லைட் போடுவாங்கதானே, ஆம்புளைகள் திரும்பிப் பாப்பாங்க. லைட் போட முந்திப் பொம்புளைகள் எல்லாம் வண்டிலுக்குள்ள ஏறிடணும்."

"அப்ப நீங்க முடிவப் பாக்கல்லையா?"

"எந்தப் படத்துக்கும் பாக்கல்ல. வாப்பா வண்டில்ல வாறப்ப சொல்லுவாரு, சேந்துட்டாங்க எண்டு. எல்லாப் படத்துக்கும் அதத்தான் சொன்ன. இப்ப கொஞ்சம் சும்மா ஈங்க, நான் பாக்கணும்."

ராத்தா கதிரையை டீவிக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். கதவு தட்டப்பட்டது. மிசின் நின்றது. அறையில் எல்லோரும், வாய்க்குள்ளேயே, அந்த வசனத்தைச் சொல்லத் தயாராக இருந்தார்கள். அவள் எழும்பினாள்.

"ஏய், இவ எங்க போறா?"

"இரு இரு, தண்ணி குடிக்கப் போறா."

அவள் கதவைத் திறந்தாள். காலில் விழுந்தாள். பாட்டுத் தொடங்கியது. பிறகு அறை முழுக்கச் சத்தம். ஒருத்தி டீவியைப் பார்த்து "எழும்படி!" என்று கத்தினாள். இன்னொருத்தி மிசின் சத்தம் எங்கே என்று கேட்டாள். எனக்கு மிகவும் கவலை தந்தது மூன்றாவது ஆள், டீவியின் சொந்தக்காரி: "தங்கச்சி, நீ துண்டு துண்டாத்தானே எறக்கின? வேற படத்துத் துண்டு ஒண்ட மாறி ஒட்டிட்ட போல. நல்லாப் பாரு." ஒட்டவில்லை என்று சத்தியம் பண்ணினேன். அவள் நம்பவில்லை. இன்றைக்கும் அந்தக் குடியேற்றத்தில் ஒரு பகுதியினர் நான் அந்தப் படத்தைப் பழுதாக்கிவிட்டேன் என்றே சொல்கிறார்கள். சரியான பிரதி கிடைத்தால் தாங்களும் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ராத்தா மட்டும் திரை கறுப்பாகும் வரை பார்த்தார். "வாப்பா சரியாத்தான் சொல்லியீக்கி," என்றார். பிறகு மாமியைத் திரும்பிப் பார்த்து, "ஆனா புள்ள, உன்டதுதான் நல்லா ஈக்கி," என்றார்.

மாமிக்கு அது காதில் விழுந்ததோ தெரியவில்லை. அவர் உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு உம்மா கோப்பைகளைச் சேர்த்தார். நான் வயர்களைச் சுருட்டினேன். மாமி பாயைச் சுருட்ட வந்து, சுருட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மதினி," என்றார் உம்மா. "அண்டைக்கு உங்கட தம்பி சொன்னது சரிதான்."

"ஓம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"படம் தெரியாது. நான் பாக்கல்ல. அவன் பொய் சொல்லல்ல எண்டு தெரியும்."

உம்மா கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். ஒரு கோப்பையின் அடியில் மிச்சம் இருந்த தேத்தண்ணியை வாசலுக்கு வெளியே ஊற்றினார். அவசரப்படவில்லை. 

"படத்துல தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன," என்றார் உம்மா. "உள்ளுக்கு எடுக்கிறதில்லை எண்டு நான் அதுக்கு முந்தியே நினைச்சிட்டன். வந்தா என்ன சொல்லுறது எண்டுதான் தெரியாம இருந்த. ஏசவும் வராது எனக்கு, அழுதா அவர் உள்ளுக்கு வந்திருவார். சாக்குக்கு அங்கால சப்பாத்தக் கண்டதும் உங்கட படம்தான் வாயில வந்த. அது இல்லாட்டி நான் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டன், சும்மா இருந்திருப்பன்."

"சும்மா இருந்தா அவன் உள்ளுக்கு வந்திருப்பான்," என்றார் மாமி.

"ஓம், வந்திருப்பார்."

மாமி பாயைச் சுருட்டினார். அவ்வளவு இறுக்கமாக யாரும் பாய் சுருட்டி நான் பார்த்ததில்லை. சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு, "நாளைக்கு வாடியில ராத்தா கேப்பா, அவ தொறக்காட்டிப் பிறகு மகனுக்கு என்ன நடந்த எண்டு," என்றார். "என்ன சொல்ல?"

"அத நீங்க பாத்துக்கொள்ளுங்க," என்றார் உம்மா.

வாப்பா அப்போது கொழும்பில்தான் இருந்தார், அந்தக் கடையை விட்டு வேறொரு கடையில். பெருநாளுக்குப் பெருநாள் எனக்குத் தொலைபேசி எடுப்பார். சுகம் கேட்பார், படிப்பைக் கேட்பார், படிப்பு முடிந்த பிறகு தொழிலைக் கேட்பார். உம்மாவைப் பற்றிக் கேட்கமாட்டார். உம்மாவும் பக்கத்தில் நிற்கமாட்டார். அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளன்று தொலைபேசி அடித்தபோது உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வாப்பாதானே? அந்தப் படத்துல அவ தொறந்ததுதான் எண்டு சொல்லு. அவர் சொன்னது சரி எண்டு சொல்லு."

சொன்னேன்.  மறுபக்கத்தில் கொழும்பு பஸ்கள் கேட்டன. பிறகு வாப்பா சிரித்தார். நான் அவர் சிரித்துக் கேட்டது குறைவு.

"நான் அப்பவே சொன்னனே! ரெண்டு தரம் பாத்த படம். ஆரு சொல்லச் சொன்ன, உம்மாவா?"

"ஓம்."

"வேற என்ன சொன்னவ?"

உம்மாவைப் பார்த்தேன். அவர் வட்டிலப்பம் அவிந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான் வாப்பா," என்றேன்.